வயிற்றுப்போக்கு மாத்திரை எதனோடு ஒத்துப்போகும், எதனோடு போகாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்கள் எப்போதும் அவசரத்தில் இருப்பார்கள். "தினமும் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "வயிற்றுக்குத்தானே கேட்டேன், அதற்கும் இதற்கும் என்ன?" என்பார்கள். நாம் விழுங்கும் எல்லா மருந்தும் குடல் வழியாகத்தான் உடலுக்குள் போகின்றன. குடலை மாற்றும் மருந்து மற்ற மருந்துகளை எப்படித் தொடாமல் இருக்கும்? திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களையும், அவற்றுக்கு நிதானமாகச் சொல்ல நினைத்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் உடல்நிலையை நேரில் அறிந்த மருத்துவர் இதற்கு மாறாக ஒன்று சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

வயிற்றுப்போக்கு மாத்திரை என்றால் எல்லாம் ஒன்றுதானே? எதைக் கொடுத்தால் என்ன?

ஒன்றல்ல. லோபெரமைடு குடல் சுவரிலுள்ள ஓபியாய்டு ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டு குடலின் அசைவை மெதுவாக்குகிறது. அபினி வகை மருந்துகளுக்கு அது உறவு. ஆனால் மூளைக்குள் நுழையவிடாமல் உடல் தடுத்துவிடுவதால், உரிய அளவில் மயக்கமோ போதையோ தருவதில்லை. டைபினாக்சிலேட்டும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. அது மூளையை எட்டக்கூடியது என்பதால், யாரும் அளவு மீறிச் சாப்பிடக் கூடாது என்றே, அளவு மீறினால் உடலுக்குத் தொல்லை தரும் அட்ரோபினைச் சிறிது அதனுடன் சேர்த்திருக்கிறார்கள். ரேசிகாடோட்ரில் குடல் அசைவைத் தொடுவதில்லை. குடலுக்குள் நீர் அதிகமாகச் சுரப்பதைக் குறைக்கிறது. பிஸ்மத் சப்சாலிசிலேட் ஆஸ்பிரினுக்குப் பங்காளி. கயோலின், அட்டாபல்கைட், ஸ்மெக்டைட் ஆகியவை களிமண் வகைப் பொடிகள். குடலில் இருப்பதைத் தம்மோடு ஒட்டவைத்துக்கொள்பவை.

ஆகவே "இந்த மாத்திரையோடு அது சேருமா?" என்று கேட்பதற்கு முன், கையில் இருப்பது இவற்றில் எது என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். விற்பனைப் பெயரைவிட, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரே முக்கியம்.

போக்கு நின்றுவிட்டால் நோய் தீர்ந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அறிகுறியைத்தான் குறைக்கின்றன. வயிற்றுப்போக்கில் ஆளைச் சாய்ப்பது உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். அதைத் திருப்பிக் கொடுப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல். 2002 முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சாதாரண உப்பும் இருக்கும். பொட்டாசியமும் சிட்ரேட்டும் உண்டு. குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது. சோடியத்தின் பின்னால் நீர் போகிறது. பேதி கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை.

அதனால் பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். "கெட்டியாக இருந்தால் சத்து அதிகம்" என்று அரை அளவு நீரில் கரைப்பது தவறு. அது நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கைக் கூட்டும். மாத்திரை இரண்டாம் இடம்தான். பலருக்கு அது தேவைப்படுவதே இல்லை.

இரண்டு மாத்திரையில் நிற்கவில்லை. இன்னும் எத்தனை போடலாம்?

லோபெரமைடைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் 4 மி.கி., பிறகு ஒவ்வொரு முறை இளகிப் போன பின்னும் 2 மி.கி. என்பதே வழக்கமான அளவு. மருத்துவர் கண்காணிப்பில் ஒரு நாளைக்கு 16 மி.கி. உச்சவரம்பு. சீட்டில்லாமல் தாமாக வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. அமெரிக்காவில் அது 8 மி.கி. தாமாகச் சாப்பிடும்போது இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால் மேலும் மாத்திரை தேடக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்.

மாத்திரை வேலை செய்யச் சிறிது நேரம் எடுக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் அரை மணிக்கு ஒன்றாக விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைக் கீழே இதயம் பற்றிய கேள்வியில் படியுங்கள்.

காய்ச்சலும் இருக்கிறது, மலத்தில் கொஞ்சம் இரத்தமும் வருகிறது. முதலில் போக்கை நிறுத்திவிட்டு அப்புறம் மருத்துவரைப் பார்க்கலாமா?

வேண்டாம். இரத்தமும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், கிருமி குடல் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் குடல் அசைவை நிறுத்தினால், வெளியேற வேண்டிய கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கும். சில வகை ஈ.கோலை தொற்றில் இந்த நச்சு சிறுநீரகத்தையே தாக்கும். லோபெரமைடும் டைபினாக்சிலேட்டும் இங்கே ஆகவே ஆகாது. ஓ.ஆர்.எஸ். குடித்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

குழந்தைக்குப் பெரியவர்கள் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடாது. கால் பங்கும் கூடாது. லோபெரமைடு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முற்றிலும் விலக்கு. மூச்சு மந்தமாவதும் இதயக் கோளாறும் வந்திருக்கின்றன. அதற்கு மேற்பட்ட வயதிலும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. டைபினாக்சிலேட்-அட்ரோபின் இன்னும் மோசம். சிறு குழந்தை தவறுதலாகச் சில மாத்திரைகளை விழுங்கினால்கூட உயிருக்கு ஆபத்து. விழுங்கிய உடனே எதுவும் தெரியாமல், 30 மணி நேரம் கழித்துக்கூட மூச்சு மந்தமாகலாம். "இப்போது நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ்., தாய்ப்பால், வழக்கமான உணவு, இவற்றோடு துத்தநாகம்: ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாட்கள். போக்கு நின்றவுடன் துத்தநாகத்தை நிறுத்திவிடுகிறார்கள். நாட்கள் முடியும்வரை கொடுக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் போக்கு வந்தது. அதை நிறுத்த மாத்திரை போடலாமா?

லேசான போக்கு என்றால் ஆன்டிபயாடிக் முடிந்ததும் பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் கிளிண்டமைசின், செஃபலோஸ்போரின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்துவிட்டு, க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமிக்கு இடம் கொடுத்துவிடலாம். ஆன்டிபயாடிக் முடிந்து சில வாரங்கள் கழித்தும் இது தலைகாட்டும். ஒரு நாளில் பலமுறை நீராகப் போவது, வயிற்றுவலி, காய்ச்சல் ஆகியவை அடையாளங்கள். இந்தச் சந்தேகம் இருக்கும்வரை குடலை மெதுவாக்கும் மாத்திரை வேண்டாம். பெருங்குடல் விரிந்து வீங்கி ஆபத்தில் முடியலாம். மருந்தகத்தில் கேட்கும்போது, "போன மாதம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன்" என்ற ஒரு வரியைச் சொல்ல மறக்காதீர்கள்.

போக்குக்காகவே மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார். அதோடு மற்றவற்றைச் சேர்க்கலாமா?

எந்த ஆன்டிபயாடிக், எதனோடு என்று பார்க்க வேண்டும். டாக்சிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகையும், சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் உலோகத் தாதுக்களைக் கண்டால் பிணைந்துகொள்ளும். துத்தநாகம், இரும்பு, சுண்ணாம்புச் சத்து, மெக்னீசிய அமில நீக்கி, பிஸ்மத் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். பிணைந்த மருந்து உடலில் சேராமல் மலத்தோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிபயாடிக் பாதிதான் வேலை செய்யும். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். சிப்ரோஃப்ளாக்சசினைத் தாதுக்களுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ சாப்பிடச் சொல்வார்கள்.

எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இரண்டும் லோபெரமைடின் அளவை இரத்தத்தில் கூட்டக்கூடியவை. மெட்ரோனிடசோல், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவுக்கு வழிசெய்யும்.

ஆனால் வயிற்றுப்புண் கிருமிக்குப் பிஸ்மத்தையும் டெட்ராசைக்ளினையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தார்களே?

நல்ல கேள்வி. ஹெலிகோபாக்டர் பைலோரிக்கான அந்தச் சிகிச்சையில் மருந்துகள் இரைப்பைக்குள்ளேயே, கிருமி இருக்கும் இடத்திலேயே வேலை செய்ய வேண்டும். அது அறிந்தே அமைக்கப்பட்ட சேர்க்கை. சீட்டில் உள்ள நேரப்படியே சாப்பிடுங்கள். மேலே சொன்னது, வேறு தொற்றுக்காக டாக்சிசைக்ளின் சாப்பிடுபவர் நடுவில் தாமாகப் பிஸ்மத் வாங்கிச் சேர்த்துக்கொள்வதைப் பற்றியது.

பூஞ்சை மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் சாப்பிடுகிறேன். லோபெரமைடோடு அவற்றுக்கு என்ன சண்டை?

லோபெரமைடு உடலில் அதிகம் சேராமல் இருப்பதற்கு இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று, கல்லீரலிலும் குடல் சுவரிலும் அதைச் சிதைக்கும் நொதிகள். மற்றொன்று பி-கிளைக்கோபுரதம். இது குடலிலும் மூளையின் வாசலிலும் நின்று, உள்ளே வரும் லோபெரமைடைப் பிடித்து வெளியே தள்ளும். சில மருந்துகள் இந்தக் காவல்களில் ஒன்றையோ இரண்டையுமோ முடக்கிவிடுகின்றன.

பூஞ்சைக்கான இட்ராகோனசோலோடு சேர்ந்தால் லோபெரமைடின் மொத்த அளவு இரத்தத்தில் சுமார் 3.8 மடங்காகிறது. இரத்தக் கொழுப்புக்கான ஜெம்ஃபைப்ரோசிலோடு சுமார் 2.2 மடங்கு. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடுபவருக்கு 12.6 மடங்கு! கீட்டோகோனசோல், எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் ரிட்டோனவிர், இதயத்துடிப்புக்கான கினிடின் ஆகியவையும் கூட்டுபவைதான். கினிடின் மூளையின் வாசல் காவலை முடக்குவதால், சாதாரணமாக மூளைக்குள் போகாத லோபெரமைடு உள்ளே போய் மூச்சை மந்தமாக்குவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இவற்றில் எதையாவது சாப்பிடுபவர்கள் லோபெரமைடைத் தாமாகத் தொடாமல் இருப்பதே நல்லது.

லோபெரமைடும் மற்ற மருந்தை மாற்றும். இரவில் சிறுநீர் கட்டுப்பட எழுதப்படும் டெஸ்மோபிரெசின் மாத்திரையோடு சேர்ந்தால், டெஸ்மோபிரெசினின் அளவு மூன்று மடங்காகலாம். உடலில் நீர் தங்கி, சோடியம் குறைந்து, வலிப்பு வரை போகக்கூடிய விஷயம் இது. முதியவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை.

எனக்கு இதய நோய் உண்டு. போக்கு மாத்திரை இதயத்தை என்ன செய்துவிடும்?

சொன்ன அளவில், மேலே குறிப்பிட்ட மருந்துகள் எதுவும் சேராமல், ஓரிரு நாள் லோபெரமைடு சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. அளவு மீறினால்தான் கதை மாறுகிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டுவிடும். இ.சி.ஜி.யில் இதை க்யூ.டி. இடைவெளி என்பார்கள். அது மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி, மயக்கமோ மரணமோ நேரலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் இதைப் பற்றி எச்சரித்தது. 2018-இல் ஒரு பொட்டலத்தில் இருக்கும் மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும் நடவடிக்கை எடுத்தது.

அமியோடரோன், சோட்டலால், ஹாலோபெரிடால், மெதடோன் போன்றவை தாமே இந்த இடைவெளியை நீட்டுபவை. போக்கில் பொட்டாசியம் வெளியேறுவதும் அதையே செய்கிறது. ஆக, ஒருவருக்கே மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்துவிடலாம். இதயத்துக்கான டிஜாக்சின் சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது இன்னொரு வகையில் ஆபத்து: மருந்தின் அளவு கூடாவிட்டாலும் அதன் நச்சுத்தன்மை கூடிவிடும். இதய நோயாளிக்கு இரண்டு நாள் போக்கு என்பது இரத்தப் பரிசோதனைக்குரிய விஷயம்.

தினமும் ஆஸ்பிரின் போடுகிறேன். அம்மா வார்ஃபரின் சாப்பிடுகிறார். பிஸ்மத் எடுக்கலாமா?

இருவருக்கும் வேண்டாம். பிஸ்மத் சப்சாலிசிலேட்டின் இரண்டாம் பாதி சாலிசிலேட்; அது பெருமளவு உடலில் சேர்ந்துவிடுகிறது. ஆஸ்பிரினோடு கூட்டினால் சாலிசிலேட் அளவு ஏறும். காதில் இரைச்சல் கேட்பது முதல் அடையாளம். வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். உணவு இறங்காத நாட்களில் உடலில் கே வைட்டமின் குறைவதால், வயிற்றுப்போக்கே வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்கள், கவுட் நோய்க்கு புரோபெனிசிட் சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள், வயிற்றுப்புண்ணில் இரத்தம் கசிந்தவர்கள் ஆகியோருக்கும் இது ஆகாது. சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ கண்ட குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் கூடவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறி வரலாம்.

பிஸ்மத் சாப்பிட்டதும் மலமும் நாக்கும் கறுத்துவிட்டன. இரத்தமா?

வாயிலும் குடலிலும் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து பிஸ்மத் கறுப்பு நிறச் சேர்மமாகிறது. நிறுத்திச் சில நாட்களில் போய்விடும். ஆனால் தார் போல் ஒட்டும் பிசுபிசுப்பு, கடும் நாற்றம், தலைச்சுற்றல் இருந்தால் அதை இரத்தமாகவே கருதி மருத்துவமனைக்குப் போங்கள். முந்தைய பதிலில் சொன்ன மருந்துகளைச் சாப்பிடுபவர் என்றால் யோசித்துக்கொண்டிருக்கவே வேண்டாம்.

பி.பி. மாத்திரைக்கும் ரேசிகாடோட்ரிலுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் இரத்த அழுத்த மருந்துகள் சிலருக்கு உதடு, நாக்கு, தொண்டை ஆகியவற்றில் திடீர் வீக்கத்தை உண்டாக்கும். உடலில் பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் தங்குவதே காரணம். ரேசிகாடோட்ரில் தடுக்கும் நொதியும் பிராடிகைனினைச் சிதைப்பவற்றில் ஒன்று. ஒரு கதவை ஒரு மருந்து அடைக்க, மற்றொன்றை இன்னொரு மருந்து அடைத்தால் வீக்கத்தின் ஆபத்து கூடுகிறது.

இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் சாக்குபிட்ரிலும் அதே நொதியைத்தான் தடுக்கிறது. அதனால் அதோடும் ரேசிகாடோட்ரில் வேண்டாம். முன்பு எப்போதாவது 'ப்ரில்' மாத்திரையால் முகம் வீங்கியவர்கள் இந்த மருந்தை அறவே தவிர்க்க வேண்டும். வீக்கம் தொடங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள். மூச்சுப்பாதை அடைபடும் முன் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அப்பாவுக்குக் கண் அழுத்தமும் புராஸ்டேட் வீக்கமும் இருக்கின்றன. டைபினாக்சிலேட் கொடுக்கலாமா?

அதிலுள்ள அட்ரோபின் கண் அழுத்தத்தைக் கூட்டும். சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் வைக்கும். வயிற்றுப்பிடிப்புக்கான டைசைக்ளோமின், சளிக்கான பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், சில மனநல மருந்துகள் ஆகியவையும் அதே குணம் உடையவை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தால் முதியவர்களுக்கு வாய் உலர்ந்து, குழப்பம் வந்து, ஆளே மாறிப்போவார்கள். எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்தோடும் டைபினாக்சிலேட் சேரக்கூடாது. தூக்க மாத்திரை, மது இரண்டும் அதன் மயக்கத்தைக் கூட்டும்.

க்ளோசபைன் என்ற மனநல மருந்து சாப்பிடுபவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மருந்தே குடலை மிகவும் மந்தமாக்கும். அதோடு லோபெரமைடோ டைபினாக்சிலேட்டோ சேர்ந்து குடல் அசைவே நின்றுபோனால் உயிர் போகலாம். மார்ஃபின், டிரமடால் போன்ற வலிநிவாரணிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

களிமண் பொடி உடம்பிலேயே சேராதாமே? அப்படியானால் எதனோடும் சாப்பிடலாம்தானே?

அது உடம்பில் சேராது. கூட இருக்கும் மருந்தையும் சேரவிடாது. கிருமியின் நச்சை ஒட்டவைத்துக்கொள்ளும் பொடிக்கு டிஜாக்சின், தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை என்ற வேறுபாடு தெரியாது. மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். மருத்துவக் கரிக்கும் இதே விதி. பித்த அமிலத்தால் வரும் போக்குக்கு எழுதும் கொலஸ்டிரமைன் இன்னும் கறாரானது. மற்ற மருந்துகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். ஸ்மெக்டைட்டில் ஈயத்தின் சுவடு இருக்கலாம் என்பதால், 2019-இல் பிரான்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம் என்றது.

பால், காபி, பழரசம், மது: எதைத் தவிர்க்க வேண்டும்?

கிரேப்ஃப்ரூட் பழச்சாறு குடல் சுவரின் நொதியை முடக்கும். ஏற்கெனவே லோபெரமைடைக் கூட்டும் மருந்தொன்றைச் சாப்பிடுபவர் அதைக் குடிக்காமல் இருப்பது நல்லது. டானிக் வாட்டரில் இருக்கும் குவினைன், கினிடினின் உடன்பிறப்பு. இந்த நாட்களில் அதுவும் வேண்டாம். மது நீரிழப்பைக் கூட்டும். மெட்ரோனிடசோல் சாப்பிடும்போதும், முடித்த பின் இரண்டு மூன்று நாட்களும் மது கூடாது என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது.

மற்றவை மருந்தோடு மோதுபவை அல்ல, குடலோடு மோதுபவை. போக்கின்போது குடலின் உட்சுவர் தேய்வதால், பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி சில நாட்களுக்குக் குறைந்துவிடலாம். பால் குடித்ததும் போக்கு கூடினால் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தக் கூடாது. காபி குடலை விரட்டும். இனிப்பு மிகுந்த பானங்களும், சார்பிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய்களும் நீரை இழுக்கும். பட்டினி கிடக்க வேண்டாம், பசித்தால் சாப்பிடலாம்.

எனக்குச் சர்க்கரை நோய். ஓ.ஆர்.எஸ். குடித்தால் சர்க்கரை ஏறாதா?

சற்று ஏறலாம். ஆனால் ஒரு லிட்டரில் 13.5 கிராம்தான் குளுக்கோஸ். சாதாரணக் குளிர்பானத்தில் இதைவிடப் பல மடங்கு இருக்கிறது. நீரிழப்பே சர்க்கரையை ஏற்றும் என்பதால், குடிக்காமல் இருப்பதுதான் கூடுதல் ஆபத்து. குடியுங்கள், சர்க்கரை அளவை அடிக்கடி பாருங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும், ஸ்பைரனோலாக்டோன் போல பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் கரைசலில் பொட்டாசியம் இருக்கிறது.

மெட்ஃபார்மின் தானே போக்கை உண்டாக்கும் மருந்து என்பதையும் மறந்துவிடாதீர்கள். புதிதாகத் தொடங்கிய சில நாட்களில் போக்கு வந்தால், அதை நிறுத்த இன்னொரு மாத்திரை தேடாமல் மெட்ஃபார்மினின் அளவையோ வகையையோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

போக்கு இருக்கும்போது தினசரி மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?

சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம், சிலவற்றை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் சிரமப்படுகிறார்கள். நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. அந்நேரத்தில் நீர் பிரிய வைக்கும் மாத்திரை, 'ப்ரில்' அல்லது 'சார்டன்' என முடியும் பி.பி. மாத்திரை, இபுப்ரூஃபன் போன்ற வலிநிவாரணி ஆகியவை சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கலாம். மெட்ஃபார்மின் தேங்கி இரத்தத்தில் அமிலம் கூடலாம். டாபாகிளிஃப்ளோசின் போன்ற 'கிளிஃப்ளோசின்' வகை, சர்க்கரை அதிகம் ஏறாமலே, இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் தேங்கும் கீட்டோஅமில நிலையைக் கொண்டுவரலாம். மனநல மருந்தான லித்தியம் உடலில் தேங்கி நஞ்சாகும். கை நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே இரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஆனால் இன்சுலினையும், நீண்டகாலம் சாப்பிடும் ஸ்டீராய்டையும், வலிப்பு மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. உடல் நன்றாக இருக்கும் ஒரு நாளில் மருத்துவரிடம் போய், "எனக்குப் போக்கு வந்தால் எதை நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போக்கினால் மற்ற மருந்துகள் வெளியே போய்விடும், அளவு குறையும். சரிதானே?

பல நேரம் சரி. கருத்தடை மாத்திரை அதற்கு உதாரணம்: கடுமையான போக்கு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மாத்திரையை நம்ப முடியாது. தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே, அந்த நாட்களிலும் அடுத்த ஏழு நாட்களும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பையும் பயன்படுத்துங்கள்.

ஆனால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் சாப்பிடும் டாக்ரோலிமஸ், போக்கின்போது இரத்தத்தில் கூடிவிடும். முன்பு சொன்ன நொதியும் பி-கிளைக்கோபுரதமும் குடல் சுவரில்தான் காவல் நிற்கின்றன. சுவர் தேயும்போது காவலும் தளர்கிறது. மருந்து தடையில்லாமல் உள்ளே போகிறது. டாக்ரோலிமஸ் கூடினால் சிறுநீரகம் கெடும். "வெளியே போயிருக்கும்" என்று நினைத்து இன்னொரு மாத்திரை போட்டுவிடாதீர்கள். அளவைப் பரிசோதிக்க வேண்டும்.

கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் எது ஆகும்?

லோபெரமைடைச் சிதைப்பது கல்லீரல். அது நலிந்திருந்தால் சாதாரண அளவே அதிகமாகிவிடும். மந்தம், தூக்கக் கலக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலையில் டைபினாக்சிலேட் வேண்டாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி தீவிரமாக இருக்கும்போது குடலை மெதுவாக்கும் எதுவும் ஆகாது. ஆன்டிபயாடிக் கேள்வியில் சொன்ன பெருங்குடல் வீக்கம் இங்கும் வரலாம். சிறுநீரகம் நலிந்தவர்கள் பிஸ்மத்தைத் தவிர்க்க வேண்டும். நல்ல உடல்நிலை உள்ளவரும் அதை வாரக்கணக்கில் சாப்பிடக் கூடாது. 1970-களில் பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் பிஸ்மத் உப்புகளை நீண்டகாலம் சாப்பிட்டவர்களுக்கு மூளை பாதிப்பு ஏற்பட்டது.

புரோபயாடிக் தீங்கில்லாததுதானே?

பெரும்பாலோருக்கு ஆம். பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாடிக்கிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிச் சாப்பிடுங்கள். சாக்கரோமைசிஸ் பூலார்டி ஓர் ஈஸ்ட் வகை. ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது, பூஞ்சை மருந்து கொல்லும். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும், பெரிய இரத்தக்குழாயில் நிரந்தரக் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் இந்த ஈஸ்ட் இரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து இருப்பதால் அவர்களுக்குக் கொடுப்பதில்லை.

புற்றுநோய் மருத்துவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லோபெரமைடு சாப்பிடச் சொன்னார். நீங்கள் வேறு சொல்கிறீர்களே?

அவர் சொன்னதுதான் சரி. இரினோடெகான் மருந்தால் ஒரு நாள் கழித்து வரும் போக்கு உயிரையே பறிக்கக்கூடியது. அதற்கு 4 மி.கி.யில் தொடங்கி, 12 மணி நேரம் போக்கில்லாமல் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மி.கி. என்பது தனி முறை. மேலே சொன்ன உச்சவரம்பு இந்த நோயாளிகளுக்கானது அல்ல. ஆனால் இந்த முறை மருத்துவமனையின் கண்காணிப்பில் மட்டுமே. காய்ச்சல் வந்தாலோ இரண்டு நாளில் நிற்காவிட்டாலோ உடனே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் இப்போதுதான் படிக்கிறேன். நேற்றே சேர்த்துச் சாப்பிட்டுவிட்டேன். என்ன செய்வது?

பதற்றம் வேண்டாம். இரண்டும் உரிய அளவில் ஒருமுறை சேர்ந்திருந்தால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். போக்கு மாத்திரையை மேலும் போடாமல் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கூப்பிட்டுச் சொல்லுங்கள். லோபெரமைடின் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 11 மணி நேரம் ஆகும். அதனால் அடுத்த நாளும் கவனம் வேண்டும்.

மயக்கம், படபடப்பு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், மெதுவான மூச்சு, முகத்தில் வீக்கம், வயிறு உப்பிக் காற்றும் பிரியாத நிலை, இரத்தம் கலந்த வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.